பழைய ஜப்பானிய டிரம் கிட்: செய்தது யார் என்று கண்டுபிடிக்கும் வழி

மாதத்துக்கு ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு படம் வந்து விழும். சிவப்பு மினுக்கு ஒட்டிய பேஸ் டிரம், மேலே டாம் என்ற சின்ன டிரம் ஒன்று, பக்கத்தில் மூன்று காலில் நிற்கும் ஃப்ளோர் டாம். கீழே ஒரே வரி: "அண்ணே, இது எந்தக் கம்பெனி?" பேட்ஜைப் பெரிதாக்கிப் பார்த்தால் கேள்விப்படாத ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும்.

அந்தப் பெயரை வைத்துத் தேட ஆரம்பித்தால் அன்றைய பொழுது போய்விடும். 1960-களில் அமெரிக்க இறக்குமதியாளர்கள் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் மொத்தமாக கிட் வாங்கினார்கள். பேட்ஜில் மட்டும் தங்கள் பெயரை அடித்துத் தரச் சொன்னார்கள். 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்த பிறகு, பள்ளிக்கூடப் பையன்களுக்கெல்லாம் டிரம் வேண்டியிருந்தது. விலை கூடிய அமெரிக்க டிரம்மான லட்விக் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு இந்தக் கிட்டுகள் போய்ச் சேர்ந்தன. சேகரிப்பவர்கள் இவற்றை ஸ்டென்சில் கிட் என்கிறார்கள். பெயர் கடைக்காரருடையது, கை வேறொருவருடையது. அந்தக் கையைத் தேடுவதென்றால் பேட்ஜை விட உலோகத்தையும் மரத்தையும்தான் படிக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், டிரம் சாவி, வெர்னியர் காலிப்பர், ஸ்க்ரூ டிரைவர். ஸ்க்ரூ டிரைவரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஜப்பானியக் கூட்டல்குறி ஸ்க்ரூ, நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் வகை மாதிரியே தெரியும். ஆனால் குழியின் வடிவம் கொஞ்சம் வேறு. பிலிப்ஸ் முனையை வைத்துத் திருகினால் அது வழுக்கி வெளியே வரும், இரண்டாவது திருகலில் ஸ்க்ரூத் தலை மழுங்கிவிடும். ஆரம்பத்தில் ஒரே டிரம்மில் நான்கு ஸ்க்ரூவை நான் இப்படித்தான் கெடுத்தேன். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) முனை கொண்ட டிரைவர் தனியாக விற்கிறார்கள், விலை அதிகமில்லை. ஸ்க்ரூத் தலையில் கூட்டல்குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளிக் குழி இருந்தால் அது ஜப்பானியத் தரப்படி செய்த ஸ்க்ரூ. அந்தப் புள்ளியே முதல் தடயம்தான்.

அறிகுறி 1: பேட்ஜில் பெயர் இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு கம்பெனியே இல்லை

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குவோம்.

அந்தப் பெயர் பேர்ல் செய்து கொடுத்த பெயர்களில் ஒன்றா என்று பாருங்கள். பேர்ல் 1946-இல் டோக்கியோவின் சுமிடா பகுதியில், கட்சுமி யனாகிசாவா என்பவர் இசைத்தாள் ஸ்டாண்டு செய்யத் தொடங்கிய பட்டறை. 1950-இல் டிரம் செய்ய ஆரம்பித்தார்கள். 1961-இல் சிபாவில் 15,000 சதுர அடித் தொழிற்சாலை கட்டினார்கள். மலிவு விலைக் கிட்டுகளை முப்பதுக்கும் மேற்பட்ட இறக்குமதிப் பெயர்களில் செய்து அனுப்புவதுதான் அதன் வேலை. மேக்ஸ்வின், சிபி-700, ஸ்டூவர்ட், வெர்கோ, ஐடியல், கிரெஸ்ட், ரெவெல், ரெவியர், லைரா, மெஜெஸ்டிக், வைட்ஹால், அப்பல்லோ, டோரியடோர், ராக்ஸி, கொரோனெட் எல்லாம் அந்த வரிசையில் வரும். உங்கள் பேட்ஜில் இவற்றில் ஒன்று இருந்தால் பேர்லாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உறுதி என்று சொல்லிவிடாதீர்கள். பெயர் இறக்குமதியாளருக்குச் சொந்தம். அடுத்த வருடம் வேறு தொழிற்சாலையில் விலை குறைவாகக் கிடைத்தால் அதே பேட்ஜ் அந்த டிரம்மிலும் ஏறும்.

பெயரில் "ஸ்டார்" வந்தால் பேச்சு வேறு. ஸ்டார், ராயல் ஸ்டார், இம்பீரியல் ஸ்டார் மூன்றும் ஹோஷினோவைக் காட்டும். நகோயாவில் 1908-இல் தொடங்கிய வியாபாரக் குடும்பம் அது. இபனெஸ் கிதாரும் அவர்களுடையதுதான். 1962-இல் டாமா என்ற பெயரில் சொந்தத் தொழிற்சாலை அமைத்தார்கள், 60-களின் நடுவில் டிரம் வேலை ஆரம்பித்தது. டாமா என்ற பெயர் டிரம்மின் மேல் ஏறியது 1974-இல்தான். அதுவரை ஸ்டார்.

பேட்ஜிலோ உள்லேபிளிலோ "கக்கி" என்று முடியும் சொல் இருந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஜப்பானிய மொழியில் அதற்கு இசைக்கருவி என்றுதான் பொருள். ஹோஷினோ கக்கி என்றால் ஹோஷினோ. நிப்பான் கக்கி என்றால் யமஹா. 1987 வரை அந்த நிறுவனத்தின் பெயரே அதுதான். வெறும் கக்கி யாரையும் காட்டாது.

அடுத்து, லேபிளில் அமெரிக்க முகவரி இருக்கிறதா? இருந்தால் அதிர்ஷ்டம். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஓரிலக்க அல்லது ஈரிலக்க எண், அதாவது "நியூயார்க் 3" என்கிற மாதிரி இருந்தால் அந்த லேபிள் பெரும்பாலும் 1963 ஜூலைக்கு முன் அச்சடித்தது. அந்த மாதம் முதல் தேதியில்தான் அமெரிக்காவில் ஐந்திலக்க அஞ்சல் எண் நடைமுறைக்கு வந்தது. ஐந்து இலக்கம் இருந்தால் அதற்குப் பிந்தியது என்பது உறுதி. பழைய லேபிள் கட்டு தீரும் வரை ஒட்டியிருப்பார்கள் என்பதால் ஓரிரு வருடம் முன்பின் விடுங்கள். இது தயாரித்தவரைச் சொல்லாது, காலத்தைச் சொல்லும். காலம் தெரிந்தால் சந்தேகப் பட்டியலில் பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள்.

ஒரு கண்ணி: கெண்ட். அந்தப் பெயரில் வந்த 60-களின் கிதார்கள் ஜப்பானியவை. அதனால் கெண்ட் பேட்ஜ் போட்ட டிரம்மும் ஜப்பான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த டிரம் நியூயார்க் மாநிலத்தில் கென்மோர் என்ற ஊரில் செய்தது. ஒரே பெயர் என்பதற்காகக் கிதாரில் படித்ததை டிரம்மில் ஒட்டக்கூடாது.

இன்னொன்று இதைவிடச் சிரிப்பு. "பேர்ல் டிரம்" என்று எழுதி விற்பனைக்கு வரும். நேரில் போய்ப் பார்த்தால் பேர்ல் என்பது மேலே ஒட்டியிருக்கும் ஷீட்டின் பெயர். வெள்ளை முத்துச்சிப்பி மாதிரி மின்னும் ஷீட்டை மெரைன் பேர்ல் என்பார்கள், ரிங்கோ ஸ்டார் வாசித்த லட்விக்கின் ஷீட்டை ஆய்ஸ்டர் பிளாக் பேர்ல் என்பார்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்ட விதம் அப்படி.

இந்த நான்கும் கைகொடுக்காவிட்டால் பேட்ஜை விட்டுவிட்டு அறிகுறி 6-க்குப் போங்கள்.

அறிகுறி 2: பேட்ஜே இல்லை

முதலில் காற்றுத் துளையைத் தேடுங்கள். பேட்ஜை ஷெல்லில், அதாவது டிரம்மின் உருளை உடலில், பிடித்து வைப்பது பெரும்பாலும் அந்தத் துளையில் அடித்த உலோக வளையம்தான். வளையம் போய்விட்டால் பேட்ஜும் போய்விடும். துளையைச் சுற்றி ஷீட்டின் நிறத்தை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அறுபது வருட வெயிலில் மினுக்கு ஷீட் வெளுத்திருக்கும். பேட்ஜ் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கும். அது வட்டமா, கேடயமா, நீள்சதுரமா, சாய்சதுரமா என்று தெரிந்துவிடும். ஒரு தாளை வைத்து உருவத்தை வரைந்துகொள்ளுங்கள், காலிப்பரில் அகலத்தையும் எழுதுங்கள். அதே அளவு, அதே வடிவப் பேட்ஜைப் படங்களில் தேடுவது பெயரைத் தேடுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

வெளுக்காத தடமே இல்லையென்றால் இரண்டு காரணம்தான். ஷீட் பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கும். தோலை இறுக்கும் ராட் (நீளத் திருகு) ஏறும் உலோகப் பாகமான லக்கின் அடியிலும் நிறம் ஒரே மாதிரி வெளுத்திருக்கிறதா என்று ஒரு லக்கைக் கழற்றிப் பார்த்தால் புரியும். அல்லது அந்த டிரம்மில் பேட்ஜ் எப்போதும் இருந்ததில்லை. சில மலிவுக் கிட்டுகளில் பேஸ் டிரம்மின் முன்தோலில் மட்டும் பெயர் அச்சடித்திருப்பார்கள். தோல் கிழிந்த அன்று பெயரும் போயிற்று.

அறிகுறி 3: பார்த்தால் லட்விக் மாதிரி இருக்கிறது, விலையும் லட்விக் விலை

இதில்தான் பணம் போகும். ஜப்பானியத் தொழிற்சாலைகள் லட்விக், ஸ்லிங்கர்லேண்ட், ரோஜர்ஸ் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகளின் லக்குகளைப் பார்த்துப் பார்த்து வார்த்தார்கள். பத்தடி தூரத்தில் யாராலும் பிரிக்க முடியாது.

முதல் சோதனை காந்தம், அதுவும் அடியில் கம்பிச் சரம் ஓடும் ஸ்னேர் டிரம்மில். நடுவில் மேடு ஓடும் குரோம் உலோக ஸ்னேர் என்றால் அது லட்விக்கின் 400-ஆம் எண் ஸ்னேரைப் பார்த்துச் செய்ததாக இருக்கலாம். லட்விக்கின் அந்த மாடல் முதலில் பித்தளையில் வந்தது, பிறகு அலுமினியத்தில். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. ஜப்பானிய நகல்களில் பெரும்பாலானவை இரும்புத் தகடு. ஷெல்லின் பக்கவாட்டில் காந்தத்தை வையுங்கள், தோலை அழுத்திப் பிடிக்கும் வளையமான ரிம்மில் வேண்டாம். ரிம் பெரும்பாலும் எல்லா ஊரிலும் இரும்புதான், அதில் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. ஷெல்லில் டக்கென்று ஒட்டினால் 400-ஆம் எண் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது மரம். தோலைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். மூன்று அடுக்குப் பலகை, மேலும் கீழும் ஒட்டிய உள்வளையம்: இது மட்டும் இருந்தால் எதுவும் சொல்ல முடியாது. 60-களின் லட்விக்கும் ஸ்லிங்கர்லேண்டும் அப்படித்தான், ஜப்பானியக் கிட்டும் அப்படித்தான். மரத்தின் நுண்துளைகளைப் பாருங்கள். ஜப்பானிய ஏற்றுமதிக் கிட்டுகளின் பலகை பெரும்பாலும் லாவன், அதாவது பிலிப்பைன்ஸ் மகாகனி என்று விற்கும் மரம். செம்பழுப்பாக, நீள நீளமாகத் துளைக் கோடுகளோடு இருக்கும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் கோடுகள் எழுந்து வரும். நகத்தால் குறுக்கே கீறினால் சொரசொரப்பு கையில் தெரியும். மேப்பிள் வெளிறி, வழவழவென்று இருக்கும். 60-களின் பெரும்பகுதியில் லட்விக் உள்ளே வெள்ளைப் பூச்சு அடித்தது, அந்தப் பூச்சின் மேல் தேதி முத்திரையும் சில டிரம்களில் கிடைக்கும். செம்பழுப்பு மரத்தின் மேல் மெல்லிய வார்னிஷ் மட்டும் இருந்தால் நீங்கள் பார்ப்பது லட்விக்காக இருக்க வாய்ப்புக் குறைவு.

உள்ளே புள்ளி புள்ளியாகத் தெறித்த சொரசொரப்புப் பெயிண்ட் இருந்தால் நிதானம். 70-களின் டாமா இம்பீரியல்ஸ்டாரில் சோலாகோட் என்ற அப்படியொரு பூச்சு உண்டு. லட்விக்கும் ஒரு காலத்தில் தெறிப்புப் பெயிண்ட் அடித்தது. பூச்சை வைத்து முடிவு செய்யாமல் லக் ஸ்க்ரூவுக்குப் போங்கள். புள்ளிக் குழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் சந்தேகம் இருந்து, கேட்கும் விலை உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டினால், பழைய டிரம் புதுப்பிக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுப்பது விலையில் நூற்றில் ஒரு பங்கு.

அறிகுறி 4: "மேட் இன் ஜப்பான்" எங்கும் இல்லை

இல்லாவிட்டால் ஜப்பான் இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது 1890-லிருந்து சட்டம். ஆனால் அதை ஒரு தங்கநிறக் காகித ஸ்டிக்கராக ஒட்டினாலும் போதும் என்று விட்டார்கள். அது முதல் துடைப்பிலேயே போய்விடும். தேட வேண்டிய இடங்கள்: ஸ்ட்ரெய்னரின் (ஸ்னேர் கம்பியை இறுக்கும் பாகம்) அடிப்பக்கம், ரிம்மின் உள்விளிம்பு, பெடலின் மிதிதட்டுக்குக் கீழே, ஸ்டாண்டின் கால் மடங்கும் இடம், சிம்பலின் குமிழுக்கு உள்பக்கம்.

"ஆக்குபைடு ஜப்பான்" என்று அடித்திருந்தால் அது போருக்குப் பிந்திய அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்துச் சரக்கு. அந்தக் காலம் 1952-இல் முடிந்தது. முழுக் கிட்டில் அந்த முத்திரையை நான் பார்த்ததில்லை.

அறிகுறி 5: ஒரே கிட் என்கிறார்கள், ஆனால் டிரம்முக்கு டிரம் பொருந்தவில்லை

அனுபவத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான். அறுபது வருடத்தில் ஒரு டாம் உடைந்திருக்கும், வேறொன்றை வாங்கிச் சேர்த்திருப்பார்கள். மினுக்கு சிவப்பு எல்லோரும் செய்தது. மேடையில் யாருக்கும் தெரியாது.

முதலில் லக்கின் எண்ணிக்கையில் நேரத்தை வீணாக்காதீர்கள். டாமில் ஆறும் ஃப்ளோர் டாமில் எட்டும் இருப்பது சாதாரணம். லக்கின் உருவத்தை மட்டும் ஒப்பிடுங்கள். பேஸ் டிரம் லக் பெரிதாக, வேறு உருவத்தில் இருக்கலாம், அதையும் விடுங்கள். டாம், ஃப்ளோர் டாம், ஸ்னேர் மூன்றின் லக்கும் ஒரே குடும்பமா?

அடுத்தது மினுக்கின் துகள். ஷீட்டுக்குள் தூவிய மினுக்குத் துகள் ஒரு டிரம்மில் பொடியாகவும் இன்னொன்றில் செதிலாகவும் இருந்தால் ஷீட் வேறு கட்டு. ஷீட் ஒட்டு சேரும் கோடு எங்கே வருகிறது என்றும் பாருங்கள். ஒரே மேசையில் செய்தவர்கள் அந்தக் கோட்டை ஒரே இடத்தில், பெரும்பாலும் ஒரு லக் வரிசையின் அடியில் மறைத்திருப்பார்கள். ஒரு டிரம்மில் மறைந்தும் இன்னொன்றில் வெட்டவெளியில் தெரிந்தும் இருந்தால் கை வேறு.

மூன்றாவது உள்வளையத்தின் இணைப்பு. பலகையின் இரு முனையையும் சாய்வாகச் சீவி ஒட்டியிருக்கிறார்களா, நேராக முட்டவைத்திருக்கிறார்களா? எல்லா டிரம்மிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது.

ஒரு தடவை ஒரு நண்பருக்கு ஸ்னேரைப் பார்த்துவிட்டு "ஸ்டார்தான், எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ளோர் டாமைத் திறந்தால் உள்வளையம் வேறு, ஸ்க்ரூ வேறு. டாமில் பழைய லக்கின் ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளிருந்து பார்த்தால் பட்டாணி அளவில் நான்கு மஞ்சள் வட்டம். வெளியே ஷீட் அதை மூடியிருந்தது. அதற்குப் பிறகு எந்த டிரம்மையும் உள்ளே பார்க்காமல் பெயர் சொல்வதில்லை. அடைத்த ஓட்டை இருந்தால் அந்த ஓட்டைகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். இப்போது மாட்டியிருக்கும் லக்கை விட அதுதான் உண்மையான சாட்சி.

அறிகுறி 6: பெயர், ஷீட், மரம் எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை

இனி லக்கைக் கழற்ற வேண்டியதுதான். ஒரே ஒரு லக் போதும், அதிகம் கண்ணில் படாத இடத்திலிருந்து எடுங்கள்.

ஷெல்லுக்கு உள்ளே இரண்டு ஸ்க்ரூ, வாஷர். கழற்றியதும் லக் கையில் கனமாக விழும். புரட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சுருள்வில்லும், அது தள்ளிப் பிடித்திருக்கும் இரண்டு நட்டும் இருக்கும். வில் கிணுகிணுக்காமல் இருக்கத் திணித்த பஞ்சோ ஃபெல்ட்டோ பழுப்பாகி உதிரும். அதைக் கொட்டிவிடாதீர்கள், படம் எடுத்த பிறகு தனியாக வையுங்கள். இப்போது வார்ப்பின் உட்புறம். வழவழப்பான வெளிப்புறத்தைக் காப்பியடிக்கலாம். யாரும் பார்க்காத உட்புறத்தை யாரும் காப்பியடிப்பதில்லை. அச்சிலிருந்து வார்ப்பைத் தள்ளிய ஊசிகளின் வட்டத் தடங்கள் எத்தனை, எங்கே? உள்ளே விறைப்புக்காக விட்ட வரம்பு குறுக்காகப் போகிறதா, நெடுக்காகவா? எண்ணோ எழுத்தோ உண்டா?

பிறகு இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளின் நடுப்புள்ளி இடைவெளியைக் காலிப்பரில் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். படத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு லக்கை இந்த ஒரு எண் பிரித்துவிடும். அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால்தான் ஒரே அச்சு என்று எடுத்துக்கொள்வேன்.

இதை எதோடு ஒப்பிடுவது? பெயர் சந்தேகமில்லாத டிரம்மோடு. பேர்ல் என்றே பேட்ஜ் போட்டது, ஸ்டார் என்றே பேட்ஜ் போட்டது, மூன்று இசைக்கவை அடையாளம் பதித்த யமஹா. பேர்லின் 1966 பிரசிடென்ட் வரிசை அவர்கள் தொழில்முறைக் கலைஞர்களுக்காகச் செய்த முதல் கிட். அந்தக் கால பேர்ல் பாகங்கள் எப்படி இருந்தன என்பதற்கு அதன் படங்கள் நல்ல அளவுகோல். நண்பர்களிடம் அப்படி ஒரு டிரம் இருந்தால் ஒரு லக்கைக் கழற்றி அளந்து அனுப்பச் சொல்லுங்கள். கழற்ற மனமில்லாதவர் ஷெல்லுக்கு உள்ளிருந்து ஸ்க்ரூத் தலைகளின் இடைவெளியை அளந்து சொன்னாலே போதும்.

லக் ஒன்று பொருந்திவிட்டது என்பதற்காகப் பெயர் சூட்டிவிடாதீர்கள். பாகங்கள் பட்டறை விட்டுப் பட்டறை போயிருக்கலாம், யாரோ பழுது பார்த்தும் இருக்கலாம். லக், ஸ்ட்ரெய்னர், டாம் தாங்கி, பேஸ் டிரம்மின் முன்கால், உள்வளைய இணைப்பு: இந்த ஐந்தில் மூன்று ஒரே பக்கம் காட்டினால் நான் பெயர் சொல்வேன். இரண்டுதான் காட்டினால் "ஜப்பான், 60-களின் நடுப்பகுதி" என்று எழுதி நிறுத்திக்கொள்வேன். அது தோல்வி இல்லை. பல கிட்டுகளுக்கு அதற்கு மேல் எழுதினால் அது கதைதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த லக்குகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. சில வார்ப்புகள் வயதாகித் தலைமுடி மாதிரி விரிசல் விட்டிருக்கும். திருகும்போது ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருங்கள். விரிசல் விட்ட லக்கை வெல்டிங் கடையில் கொடுக்காதீர்கள், உருகிக் கொட்டிவிடும். மாற்று லக் தேடுவதுதான் வழி.

அறிகுறி 7: புதிய ராட் ஏறவில்லை, புதிய தோல் உட்காரவில்லை

ராட் பிரச்சினையைக் காலிப்பர் ஒரு நிமிடத்தில் தீர்க்கும். அமெரிக்க டிரம்களில் வழக்கமான 12-24 என்ற அளவு மரையின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 6 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை அதைவிடத் தடிமன். பழைய ராட்டின் மரையை அளந்து பாருங்கள்; தேய்மானத்துக்கு ஒரு பொட்டு விட்டுவிட்டால் எது என்று தெரிந்துவிடும். மெல்லிய ராட்டைத் தடித்த நட்டில் போட்டால் ஆடும், இறுக்கும்போது வழுக்கும். தடித்ததை மெல்லியதில் போட்டால் நுனியே நுழையாது. நுழையவைக்க முயன்றால் நட்டின் மரை போய்விடும். விரலால் நான்கு சுற்று ஏற வேண்டும், அதற்கு முன் சாவியைத் தொடக்கூடாது.

மரையை வைத்துத் தயாரித்தவரைச் சொல்ல முடியுமா? முடியாது. அமெரிக்காவுக்கு அனுப்பிய கிட்டில் அமெரிக்க மரையே போட்டவர்களும் உண்டு. உதிரிப் பாகம் வாங்க மட்டும்தான் இந்த அளவு.

தோல் உட்காராததற்கு முதல் காரணம் ஷீட். ஷெல்லின் விளிம்பு வரை ஷீட் ஏறியிருந்தால் விட்டம் கூடி, புதிய தோலின் வளையம் பிடித்துக்கொள்ளும். ஷெல் முட்டை வடிவமாகியிருந்தாலும் இதே கதைதான். குறுக்கே இரண்டு திசையில் விட்டத்தை அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, விளிம்பில் அடுக்குகள் பிரிந்து காகிதம் மாதிரி விரிந்திருந்தாலோ உங்கள் வேலை முடிந்தது. உப்புத்தாளை எடுக்காமல் டிரம் ஷெல் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். லாவன் பலகை ஈரம் பட்டால் அடுக்கு பிரியும். அதை ஒட்டி, அழுத்தி, விளிம்பைத் திரும்பச் சீவுவது சாதாரணத் தச்சு வேலை இல்லை.

அறிகுறி 8: விற்பவர் வருடத்தோடு பெயர் சொல்கிறார்

இது ஒரு நிமிட வேலை. "1968 டாமா" என்றால் அப்படி ஒரு பேட்ஜ் இருந்திருக்க முடியாது; வருடம் தவறு, இல்லாவிட்டால் பேட்ஜ் பிறகு ஒட்டியது, இல்லாவிட்டால் அவர் ஸ்டாரைத்தான் டாமா என்கிறார். மூன்றாவது என்றால் மன்னிக்கலாம். "1962 யமஹா" என்றாலும் அப்படியே. யமஹா டிரம் 1967-இல்தான் வந்தது. அதைச் செய்து கொடுத்தது ஒசாகாவின் சகாயே. 1925-லிருந்து இருந்த பட்டறை. ஆக யமஹாவிலும் பேட்ஜ் ஒருவருடையது, மரவேலை இன்னொருவருடையது. "1940-களின் பேர்ல் கிட்" என்றால் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். அப்போது அவர்கள் ஸ்டாண்டுதான் செய்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே மரத்தின் மேல் கண்ணாடி நார் பூசியிருந்து, பேர்ல் 60-கள் என்று சொன்னால் வருடத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மரமும் கண்ணாடி நாரும் சேர்த்த ஷெல் பேர்லின் 70-களின் அடையாளம்.

கடைசி வேலை ஒன்று பாக்கி. கழற்றிய லக்கைத் திரும்ப மாட்டும் முன், ஒரு மாஸ்கிங் டேப்பில் ஓட்டை இடைவெளி, மரையின் விட்டம், அடுக்கின் எண்ணிக்கை, பார்த்த தேதி நான்கையும் எழுதி ஷெல்லுக்கு உள்ளே உள்வளையத்துக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மரத்தில் ஊறும். பெயர் தெரியாவிட்டால் பெயருக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள். இன்னும் பத்து வருடம் கழித்து இதே டிரம்மைத் திறப்பவர் அந்த எண்ணை வைத்துத் தேடிக்கொள்வார்.